தீபாவளிச் சின்னமும் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு கருத்துகளும்

செந்நிலத்தில் யாரும் பல் துலக்கிவிட்டுக் கருத்துச் சொல்வதில்லை. முதலில் கருத்து, பிறகுதான் பல். செவ்வாய்க் கோளில் தமிழர்கள் குடியேறிய எழுபது வருடங்களில் ஊறிப்போன பழக்கம் அது. காலை ஆறு மணிக்குச் சுவர்த்திரை தானாக விழித்துக்கொள்ளும். படுக்கையில் இருந்தபடியே எல்லோரும் திரையின் வலது மேல் மூலையைப் பார்ப்பார்கள். அங்கே செந்நிலம் தொலைக்காட்சியின் சின்னம் இருக்கும். பார்த்ததும் நெற்றியோரத்தில் பதித்திருக்கும் கருத்துப்பொட்டை விரலால் அழுத்தி, மனத்தில் பட்டதை நினைப்பார்கள். அரை விநாடியில் அது நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதன் பிறகு நிம்மதியாகக் குளிக்கப் போவார்கள்.

ஐந்து வயது நிரம்பிய குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துப் பொட்டுப் பதிப்பார்கள். அன்று குழந்தை சொல்லும் முதல் கருத்தைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டுவதும் உண்டு. பெரும்பாலான வீடுகளில் அந்தச் சட்டத்துக்குள் 'நல்லா இல்ல' என்றுதான் இருக்கும். கருத்துச் சொன்னவர் ஊரின் எந்தப் பகுதிக்காரர் என்பது மட்டும் தெரியும்; யார், எங்கே இருக்கிறார் என்பதை யாரும் அறிய முடியாது. ஒரு விஷயத்துக்கு ஒருவர் ஒரு கருத்துதான் சொல்லலாம். இந்த இரண்டு விதிகளையும் செந்நிலத்தார் உயிராகப் போற்றினார்கள்.

ஒரு மூலைச் சின்னத்துக்கு இத்தனை அமர்க்களமா என்று நமக்குத் தோன்றலாம். செந்நிலம் என்பது குடைபோல் கவிந்த ஆறு பெரிய கண்ணாடிக் கவிகைகள். அவற்றுக்கு வெளியே சிவப்புத் தூசி. மழைக்காலம் இல்லை, வெயில்காலம் இல்லை, பட்டாசு வெடிக்கக் காற்றை வீணாக்கவும் அனுமதி இல்லை. தீபாவளி வந்துவிட்டது என்று ஊருக்குச் சொல்வதே அந்த மூலைதான். அங்கே விளக்கு எரிந்தால் தீபாவளி, கரும்பு நின்றால் பொங்கல், பிறை தெரிந்தால் பெருநாள், நட்சத்திரம் தொங்கினால் கிறிஸ்துமஸ்.

அந்தச் சின்னங்களை வரைபவள் இன்பவல்லி. வயது முப்பத்தாறு. தீபாவளியன்று காலையில் அவள் முதல் கவிகையில் இருந்த நிலையத்தில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கவலை எளிமையானது. நேயர்களின் நிறைவு விழுக்காடு மூன்று பண்டிகைகளுக்குத் தொடர்ந்து நாற்பதுக்குக் கீழே போனால் சின்னம் வரைபவரைப் பாசித் தொட்டிக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே நாள் முழுக்க இடுப்பளவு பச்சைத் தண்ணீரில் நின்று துடுப்புப் போட வேண்டும். போன பொங்கலுக்கு அவள் வாங்கியது முப்பத்தெட்டு. அடுத்து வந்த பெருநாளுக்கு முப்பத்தாறு.

இந்த முறை ஊதாப் பின்னணியில் மெல்ல ஆடும் ஒரு குத்துவிளக்கு வரைந்திருந்தாள். இரண்டு மாத உழைப்பு. ஆறு மணிக்கு அது மூலையில் ஏறியது. ஆறு மணி ஒரு நிமிடத்துக்குக் கருத்துகள் கொட்டத் தொடங்கின. அவற்றைப் படித்து, வகைப்படுத்தி, ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்வது செவியன் என்ற கணிப்பொறியின் வேலை. அதற்குக் கோபமும் வராது, சலிப்பும் வராது. அதனால் உரக்கப் படித்தது.

"'விளக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் விளக்கு மாதிரி இல்லை.' தங்கள் மேலான கருத்துக்கு நன்றி. 'தீபாவளிக்கு ஊதா எதற்கு? இது என்ன பல் ஆஸ்பத்திரியா?' நன்றி. 'போன வருடத்துடையதே மேல். போன வருடமும் இதைத்தான் சொன்னேன். யாரும் திருந்தவில்லை.' நன்றி. 'இன்னும் பார்க்கவில்லை. ஆனாலும் பிடிக்கவில்லை.' நன்றி."

"போதும் செவியா, மனசுக்குள்ள படிச்சுக்கோ" என்றாள் இன்பவல்லி.

"எனக்கு மனசு இல்லை அம்மா" என்றது செவியன். "நிறைவு இப்போது நாற்பத்து நான்கு. இறங்குமுகம்."

பதினோரு மணிக்கு அது நாற்பத்தொன்றில் நின்றபோது காற்றுத்துறைப் பொறியாளர் பதுருதீன் அறைக்குள் வந்தார். அறுபது வயதுக்காரர், எதற்கும் பதறாதவர். அன்று அவர் முகம் வெளுத்திருந்தது. பின்னாலேயே நிலையத் தலைவர் சவரிராயனும் வந்தார்.

"மூணாம் கவிகையில மேல் ஒட்டு விட்டுக்கிட்டு வருது" என்றார் பதுருதீன். "வெளிய போய் ஒட்டணும்னா நாலு நாளாகும். ரெண்டு மணி வரைக்கும் தாங்கும்னு கணக்குப் போட்டிருக்கேன். அதுக்கு மேல என் கையில இல்ல. அதுக்குள்ள அத்தனை பேரையும் நிலவறைக்கு இறக்கியாகணும்."

இன்பவல்லி நீங்கலாக, மூன்றாம் கவிகையில் பொட்டு வைத்தவர்கள் மட்டும் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு பேர். இன்பவல்லியின் வீடும் அங்கேதான். அவள் கணவன் மணவாளன், குழாய் பழுதுபார்க்கும் வேலை செய்பவன், பண்டிகை விடுமுறையில் வீட்டில் இருந்தான்.

"சங்கு ஊதலாமே அண்ணே!" என்று எழுந்துவிட்டாள்.

"சங்கு எங்கம்மா இருக்கு? அஞ்சு வருஷம் முன்னால சத்தம் நாராசமா இருக்குன்னு நேயர்கள்லாம் கருத்துச் சொல்லி எடுத்துட்டாங்க. இனிமே எச்சரிக்கை எல்லாம் டிவியிலதான்னு தீர்மானம் போட்டாங்க. அதான் உன்கிட்ட வந்திருக்கேன்."

இன்பவல்லி ஒரு நிமிடத்தில் செய்து முடித்தாள். திரையின் குறுக்கே சிவப்புப் பட்டை, அதில் வெள்ளை எழுத்து: 'அவசரம்! மூன்றாம் கவிகையில் காற்றுக் கசிவு. அனைவரும் உடனே நிலவறைக்குச் செல்லவும். இரண்டு மணிக்குள்!' காலைப் பட்டிமன்றத்தை அது பாதி மறைத்தது. மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிலவறைப் படிக்கட்டைக் காட்டும் சிறு திரையைப் பார்த்தார்கள். படிக்கட்டு காலியாக இருந்தது. ஆனால் கருத்துகள் வந்தன.

"'கடைசியில் ஒரு தைரியமான வடிவமைப்பு! சிவப்பு எடுப்பாக இருக்கிறது.' நன்றி" என்றது செவியன். "'இரண்டு மணிக்கு என்ன படம் என்று சொல்லாமல் ஆவலைத் தூண்டுவது பழைய உத்தி என்றாலும் ரசித்தேன்.' நன்றி. நிறைவு ஐம்பத்து மூன்று. ஏறுமுகம்."

சவரிராயன் இன்பவல்லியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். யார் செய்த வினை இது என்று அவர்கள் இருவருக்கும் தெரியும். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு தீபாவளிக்கு, புதுப் படம் ஒன்றை விளம்பரப்படுத்த, திரை முழுக்கச் சிவப்புப் பட்டை ஓடவிட்டு 'அவசரம்! அவசரம்! இன்னும் மூன்று மணி நேரமே!' என்று போட்டவள் அவள்தான். அன்று ஊர் நிஜமாகவே பயந்து நிலவறைக்கு ஓடியது. பிறகு விழுந்து விழுந்து சிரித்தது. நிறைவு தொண்ணூற்றொன்று வந்தது, நிலையத்தில் அவளுக்கு மாலை போட்டார்கள். அதன் பிறகு செந்நிலத்தில் அவசரம் இல்லாத பண்டிகையே கிடையாது. பொங்கல் சமையல் போட்டிக்குக்கூட அவசரம்தான்.

இப்போது நிறைவு அறுபதைத் தொட்டது. பாசித் தொட்டி இல்லை என்று ஒரு கணம் அவள் மனம் குளிர்ந்தது உண்மை. அடுத்த கணமே தன்னைத் தானே அறைந்துகொள்ளலாம் போல் இருந்தது.

"நானே நேர்ல பேசுறேன்" என்று சவரிராயன் படக்கருவியின் முன்னால் போய் நின்றார். "அன்பு நேயர்களே, இது விளம்பரம் இல்ல. சத்தியமா இல்ல. எங்க அம்மா மேல ஆணையா சொல்றேன். தயவுசெஞ்சு கீழ போங்க!" பேசும்போதே அவர் குரல் உடைந்தது, கண்ணீர் வழிந்தது.

"'நிலையத் தலைவருக்குள் இப்படி ஒரு நடிகரா!' நன்றி. 'அழுகை இயல்பு. வசனம்தான் பழசு.' நன்றி. 'பண்டிகை நாளில் இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருக்கலாம்.' நன்றி. நிறைவு எழுபத்திரண்டு."

பதுருதீன் வீடு வீடாகக் கதவைத் தட்டப் பத்து இயந்திர மனிதர்களை அனுப்பியிருந்தார். தீபாவளியன்று கதவைத் தட்டும் இயந்திர மனிதன் வாழ்த்துச் சொல்லத்தான் வரும் என்பது செந்நிலத்து வழக்கம். அது வாயைத் திறக்கும் முன் கையில் பலகாரத்தைக் கொடுத்துக் கதவைச் சாத்துவது இன்னொரு வழக்கம்.

"பத்தும் முறுக்கோட திரும்பி வந்திருக்கு" என்றார் பதுருதீன். மணி பன்னிரண்டேகால். நிலவறைக்கு வந்தவர்கள் பதினோரு பேர். அவர்களும் பட்டிமன்றம் பிடிக்காமல் காலாற நடக்க வந்தவர்கள்.

இன்பவல்லி வீட்டுக்கு அழைத்தாள். மணவாளன் எடுத்தான்.

"என்னங்க, திரையில ஓடுறது நிஜம். நான் போட்ட விளம்பரம் இல்ல. உடனே கிளம்புங்க."

"உன் குரலே சரியில்ல வல்லி. கிளம்பிட்டேன்" என்றான். அவள் சொன்னதை இரண்டாம் முறை கேட்காமல் நம்பிய ஒரே மனிதன் அன்று அவன்தான்.

"அக்கம்பக்கத்துல சொல்லுங்க, ஆனா நிக்காதீங்க."

"சொன்னா எவன் கேக்குறான்? காலையிலேர்ந்து ஏழெட்டு பேரு நம்ம வீட்டு வாசல்லதான் நிக்கிறாங்க. எல்லாருக்கும் உன்ன நேர்ல பாத்துச் சொல்லணுமாம். அந்த ஊதாவப் பத்தி. 'அவ வரமாட்டாளா, பொட்டுல சொன்னா கணிப்பொறிதான கேக்குது'ன்னு ஒரே புலம்பல். நான் ஒவ்வொரு கதவா தட்டிப் பாத்துட்டு வரேன்."

"வேணாங்க, நீங்க முதல்ல..." என்று அவள் சொல்வதற்குள் அவன் வைத்துவிட்டான்.

அவள் கையில் இருந்த தொலைபேசியைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு உட்கார்ந்து விறுவிறுவென்று சிவப்புப் பட்டையை அழித்தாள். சவரிராயன் பதறினார்.

"என்னம்மா பண்ற? இருக்குறதையும் எடுத்தா எப்படி?"

"அத யாரும் படிக்கல சார். இத படிப்பாங்க" என்றாள்.

மூலையில் ஆடிக்கொண்டிருந்த விளக்குக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி வந்தது: 'இந்தச் சின்னத்தை வரைந்தவர் உங்கள் கருத்துகளை நேரில் கேட்கிறார். இடம்: நிலவறை. மூன்றாம் கவிகை நேயர்களுக்கு மட்டும். முதலில் வருபவர் முதலில் பேசலாம். ஒன்றரை மணிக்கு மேல் அனுமதி இல்லை.'

சவரிராயன் திரும்பிச் சிறு திரையைப் பார்த்தார். படிக்கட்டின் உச்சியில் ஒரு கால் தெரிந்தது. பிறகு பத்துக் கால். பிறகு படிக்கட்டே தெரியவில்லை. புதுத்துணி கசங்க, கைக்குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, பாதி தின்ற இட்லியைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்றாம் கவிகை முண்டியடித்து இறங்கியது. எழுபது வருடங்களில் எந்தத் தேர்தலுக்கும் அப்படி ஒரு கூட்டம் வந்ததில்லை. வாசலில் ஆள் எண்ணும் கருவி தள்ளுமுள்ளில் குழம்பி நின்றுபோனது. மற்ற ஐந்து கவிகைகளிலிருந்தும், மூன்றாம் கவிகைக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை என்று கண்டனங்கள் வந்து குவிந்தன.

"நான் போகணும் அண்ணே" என்றாள் இன்பவல்லி. "நான் இல்லன்னா ஏமாத்திட்டாங்கன்னு திரும்பி மேல ஏறிடுவாங்க."

அவள் சுரங்க வழியே ஓடிச் சேர்ந்த நிலவறை மூன்று நீளமான அறைகள். உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே மங்கலான வெளிச்சம். ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்றவளுக்கு முன்வரிசை முகங்கள் மட்டும்தான் தெரிந்தன. அவள் கண்கள் மணவாளனைத் தேடின. முன்வரிசையில் அவன் இல்லை. ஒலிவாங்கியைக் கீழே கொடுத்து, "சொல்லுங்க, கேக்குறேன்" என்றாள்.

சொன்னார்கள். கணக்கு ஆசிரியர் ஒருவர் ஊதா நிறத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். அவர் மனைவி ஒலிவாங்கியைப் பிடுங்கி, "இவருக்குக் கலரே தெரியாதும்மா. ஊதா நல்லாத்தான் இருக்கு. விளக்குதான் எண்ணெய் இல்லாத விளக்கு மாதிரி இருக்கு" என்றார். பின்னாலிருந்து ஒருவர், அடுத்த வருடம் சின்னமே வேண்டாம், மூலையைக் காலியாக விடலாம் என்றார். அவரை அடிக்கப் போனார்கள். வேறு நாளாக இருந்தால் இன்பவல்லி அழுதிருப்பாள். அன்று ஒவ்வொருவரையும், "இன்னும் கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க" என்று கெஞ்சினாள்.

ஒன்று நாற்பதுக்கு இரும்புக் கதவு மூடிக்கொண்டது. ஒன்று ஐம்பத்திரண்டுக்குத் தலைக்கு மேலே பெரிய சத்தம் கேட்டது. விளக்குகள் ஒருமுறை அணைந்து எரிந்தன. கூரையிலிருந்து தூசி கொட்டியது.

"ஒலி அமைப்பு பிரமாதம்" என்றார் கணக்கு ஆசிரியர்.

அவள் காதில் பதுருதீனின் குரல் கேட்டது. "போச்சும்மா. மேல இப்ப பொட்டுக் காத்து இல்ல. ஆனா எத்தனை பேர் உள்ள வந்தாங்கன்னு தெரியலியே. எண்ணுற கருவி பாதியிலயே நின்னுடுச்சு. மேல படக்கருவியும் அத்தனையும் செத்துப்போச்சு."

இன்பவல்லி ஒலிவாங்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "உங்ககிட்ட ஒரு உண்மையச் சொல்லணும். காலையில திரையில வந்தது விளம்பரம் இல்ல. இப்ப நீங்க கேட்ட சத்தம் நம்ம கவிகை உடைஞ்ச சத்தம். மேல இருந்திருந்தா யாருமே பிழைச்சிருக்க மாட்டோம். உங்களக் கீழ வரவைக்க எனக்கு வேற வழி தெரியல. அதனாலதான் கருத்துக் கேக்குறேன்னு பொய் சொன்னேன்."

கணக்கு ஆசிரியரின் மனைவி மெல்ல எழுந்தார்.

"அப்ப எங்க கருத்த நீ உண்மையில கேக்கலையா?"

"உயிரக் காப்பாத்தத்தான்..."

"அது சரிம்மா. நாங்க சொன்னத குறிச்சு வெச்சியா, இல்லையா?"

இன்பவல்லி இல்லை என்று தலையசைத்தாள். அவ்வளவுதான். நிலவறை முழுக்கக் கைகள் நெற்றிக்குப் போயின.

சுவரிலிருந்த ஒலிபெருக்கியில் செவியன் படிக்கத் தொடங்கியது. "'நேயர்களை ஏமாற்றுவதற்கும் ஓர் அளவு உண்டு.' நன்றி. 'காப்பாற்றியது சரி. காப்பாற்றிய விதம் சரியில்லை.' நன்றி. 'இரண்டு மணிப் படம் என்ன ஆயிற்று?' நன்றி. புதிய விஷயம், புதிய கணக்கு. இதுவரை நானூற்றுப் பன்னிரண்டு கண்டனங்கள். நிறைவு சுழியம்."

பாசித் தொட்டி உறுதி என்று அவளுக்குத் தெரிந்தது. அதே நேரத்தில் வேறொன்றும் தெரிந்தது. ஒருவருக்கு ஒரு கருத்து. இறந்தவர்கள் கருத்துச் சொல்வதில்லை.

"செவியா, மூணாம் கவிகைக்காரங்க சொல்றத மட்டும் எண்ணு. சத்தமா எண்ணு!"

"எண்ணூற்று ஆறு. ஆயிரத்து இருநூறு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது."

அவள் வாழ்நாளில் எந்தப் பாராட்டுக்கும் இப்படிக் காத்திருந்ததில்லை. ஒவ்வொரு வசவும் ஓர் உயிர். வையுங்கள், வையுங்கள் என்று மனத்துக்குள் கும்பிட்டாள். இரண்டாயிரத்து இருநூறு. இரண்டாயிரத்து முந்நூறு. எண் மெல்ல நகர்ந்து இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினைந்தில் நின்றது.

நின்றது நின்றதுதான். ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது.

"ஒன்று குறைகிறது" என்றது செவியன்.

ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டிருந்தவன் ஒருவன்தான். அவள் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "யாரோ ஒருத்தர் இன்னும் கருத்துச் சொல்லல. தயவுசெஞ்சு சொல்லுங்க. என்னத் திட்டுங்க. என்ன வேணா சொல்லுங்க. உசுரோட இருக்கீங்கன்னு மட்டும் தெரிஞ்சா போதும்." முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். கண்டனம் சொல்லி முடித்த கூட்டம் அவளையே பார்த்தது.

"ஒரு கருத்து வந்திருக்கிறது" என்றது செவியன். "இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு. படிக்கட்டுமா?"

"படி! படி!"

"'நான் மூணாவது அறையில கடைசியில நிக்கிறேன், கூட்டத்துல நகர முடியல. பொட்ட அழுத்தினா மனசுல பட்டதுதான் போகும், நீ பாசித் தொட்டிக்குப் போகக் கூடாதுன்னுதான் அழுத்தாம இருந்தேன். நீ இவ்வளவு கேக்குறதால சொல்றேன். பொண்டாட்டியாச்சேன்னு இத்தனை நாளா வாயால நல்லா இருக்குன்னே சொல்லிட்டேன். உண்மையில அந்த விளக்கு கொஞ்சம் கோணல்.' தங்கள் மேலான கருத்துக்கு நன்றி."

இன்பவல்லி வாய்விட்டு அழுதாள், வாய்விட்டுச் சிரித்தாள். முன்வரிசைப் பெண்கள் ஓடி வந்து அவளைத் தாங்கிக்கொண்டார்கள். இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு பேரும் உயிரோடு இருந்தார்கள், அவள் கணவனும் இருந்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஒலிவாங்கியை மறுபடியும் எடுத்தாள்.

"எங்க கோணல்?" என்றாள். "ரெண்டு மாசம் உக்காந்து வரைஞ்சிருக்கேன். எந்தப் பக்கம் கோணல்னு இங்க வந்து எல்லார் முன்னாலயும் சொல்லுங்க."